`மாமாவுக்கும் ஒரு சதுரம்!' - தங்கையின் மனநலப் படிப்பு எங்கள் வீட்டுக்குச் சொல்லிக்கொடுத்தது

போன வருடம் ஒரு சனிக்கிழமை. கையில் சார்ட் பேப்பர், ஸ்கேல், பென்சில் சகிதம் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள் தங்கை. நானும் அந்த வாரம் லீவு போட்டுவிட்டு சென்னையிலிருந்து வந்திருந்தேன். முசிறிப் பக்கம், காவிரிக்கரையில் இருக்கும் எங்கள் ஊருக்கு நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் வருவதே அபூர்வம். அம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

``என்னடி இது, ஸ்கூல் பிள்ளையாட்டம் சார்ட்டைத் தூக்கிட்டு வர்ற?''

``அசைன்மென்ட்மா. நம்ம குடும்பத்தை வரையணும்.''

தங்கை எம்.எஸ்.டபிள்யூ படித்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் ஆண்டில் அவள் எடுத்திருந்த சிறப்புப் பாடம், மருத்துவ மற்றும் மனநல சமூகப்பணி. அந்த வகுப்பில் `ஜீனோகிராம்' என்று ஒன்று வரையச் சொல்வார்கள். மூன்று தலைமுறைக் குடும்பத்தை ஒரே தாளில் காட்டும் படம் அது. ஆண் என்றால் சதுரம், பெண் என்றால் வட்டம். இறந்தவர்களுக்கு உள்ளே பெருக்கல் குறி. பிள்ளைகளை மூத்தவரிலிருந்து இடமிருந்து வலமாக வரிசைப்படுத்த வேண்டும். ஒருவருக்குக் குடிப்பழக்கம் இருந்தால் கீழ்ப் பாதியை நிழலிட வேண்டும். மனநோயோ, பெரிய உடல்நோயோ இருந்தால் இடது பாதியை.

மதியச் சாப்பாடு முடிந்ததும் கூடத்தில் சார்ட்டை விரித்தாள். அம்மாவும் ஆர்வமாகப் பக்கத்தில் உட்கார்ந்து, ``எங்க அப்பாவுக்குக் கூடப் பொறந்தவங்க அஞ்சு பேரு'' என்று கதை சொல்ல ஆரம்பித்தார். தாத்தாவின் சதுரத்துக்குக் கீழ்ப் பாதியில் பென்சிலால் தேய்த்தபடி, ``தாத்தா குடிப்பாருல்லம்மா?'' என்றாள் தங்கை.

``ஊருக்கே தெரிஞ்ச கதைதானே... போட்டுக்க'' என்றார் அம்மா, சிரித்துக்கொண்டே.

அடுத்து, அம்மாவின் வட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு இறக்கினாள். அம்மாவின் கை சார்ட்டின் மேல் வந்து விழுந்தது.

``அவனைப் போடாத.''

``பேரெல்லாம் எழுத மாட்டேம்மா. மேடம் மட்டும்தான் பார்ப்பாங்க.''

``வேணாம்னா வேணாம். அக்காவுக்கு வரன் பாத்துக்கிட்டிருக்கோம். எழுதி வெச்சா அது காகிதம். காகிதம் யார் கையில வேணா போகும்.''

அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். சார்ட்டில் பாதியில் நின்ற அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டிய மனிதர், கொல்லைப்புறத்தில் தென்னை மட்டை கிழித்துக்கொண்டிருந்தார். எங்கள் மாமா. அம்மாவுக்கு ஒரே தம்பி.

48 நாள் விரதமும் ஒரு தீ விபத்தும்

மாமா ஐ.டி.ஐ முடித்தவர். திருச்சியில் ஒரு கம்பெனியில் ஃபிட்டராக வேலை பார்த்தார். 24 வயதில் அவருக்குக் காதில் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. கூட வேலை செய்பவர்கள் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று சந்தேகப்பட்டார். தூக்கம் போனது, பிறகு வேலை போனது. முதலில் மந்திரித்தார்கள். பிறகு குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம், அதாவது 48 நாள் தங்கவைத்தார்கள். அம்மாச்சியும் கூடவே தங்கினார். கடைசியில்தான் டாக்டர். `ஸ்கிசோஃப்ரினியா' என்ற சொல்லை டாக்டர் சொன்னபோது, அதை எங்கள் வீட்டில் யாராலும் திருப்பிச் சொல்லக்கூட முடியவில்லை.

இடையில் ஒருமுறை, அவரை வெளியூரில் ஏதாவது ஒரு காப்பகத்தில் சேர்த்துவிடலாம் என்ற பேச்சும் வந்திருக்கிறது. அப்போது நான் கைக்குழந்தை. 2001 ஆகஸ்ட் 6. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநலம் பாதிக்கப்பட்டவர்களைத் தங்கவைத்திருந்த ஒரு தனியார் காப்பகத்தில் அதிகாலையில் தீப்பிடித்தது. 28 பேர் இறந்தார்கள். பலர் சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் தப்பி ஓட முடியவில்லை. அந்தச் செய்தியை டி.வி-யில் பார்த்த அம்மாச்சி, ``என் புள்ள எங்கிட்டயே இருக்கட்டும்'' என்று முடிவெடுத்தார். தாத்தா போன பிறகு அம்மாச்சியும் மாமாவும் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள்.

இந்தக் கதையைச் சொல்லும்போது, கோயிலுக்குக் கூட்டிப்போனதற்காக அம்மாச்சியைக் குறை சொல்கிற பழக்கம் எனக்கு இருந்தது. தங்கை அதை ஒருநாள் திருத்தினாள்.

``அந்தக் காலத்துல கோயிலைத் தவிர வேற எங்கக்கா போயிருப்பாங்க? வீட்டுக்குப் பக்கத்துல டாக்டர் இருந்தாரா? `உன் பையனுக்கு இதுதான் பிரச்னை'ன்னு யாராவது பொறுமையா உட்கார்ந்து சொன்னாங்களா? கோயில்ல ஒருத்தரும் துரத்தலை. சாப்பாடு கொடுத்தாங்க. அம்மாச்சியை மாதிரியே இன்னும் பத்து அம்மாக்கள் அங்க இருந்தாங்க. அதுவும் ஓர் ஆறுதல்தானே?''

நம்பிக்கையை ஒழித்துவிட்டு மருந்து கொடுக்க வேண்டும் என்பதில்லை, நம்பிக்கை இருக்கும் இடத்துக்கே மருந்து போகலாம் என்பதும் அவள் பாடத்தில் இருந்தது. குஜராத்தில் ஒரு தர்காவில் `தவா-துவா' என்ற பெயரில், அதாவது `மருந்தும் பிரார்த்தனையும்' என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். தர்கா வளாகத்திலேயே மனநல சிகிச்சை. பிறகு அதே முறை ஏர்வாடி தர்காவுக்கும் வந்தது.

``லூஸுங்களைப் பாக்குற படிப்பா?''

தங்கை இந்தப் படிப்பில் சேர்ந்தபோது வீட்டில் நடந்த சண்டையையும் சொல்ல வேண்டும். ``பி.எட் படி, டீச்சராகலாம்'' என்றார் அப்பா. ஒரு சித்தி போனிலேயே, ``லூஸுங்களைப் பாக்குற படிப்பா? ஏற்கெனவே வீட்டுல ஒண்ணு போதாதா?'' என்று கேட்டார். நானும் யோக்கியமில்லை. பள்ளியில், கல்லூரியில் யாரையாவது கிண்டல் செய்ய வேண்டுமென்றால், ``கீழ்ப்பாக்கம் கேஸ்'' என்று சொல்லிச் சிரித்த கும்பலில் நானும் இருந்திருக்கிறேன், வீட்டில் மாமாவை வைத்துக்கொண்டே.

அந்தக் கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் கதையைத் தங்கைதான் எனக்குச் சொன்னாள். 1794-ல் சென்னையில் தொடங்கிய மனநலக் காப்பகத்தின் தொடர்ச்சி அது. 1871 முதல் கீழ்ப்பாக்கத்தில் இருக்கிறது. 1961-ல் அதற்குத் தலைமை ஏற்றவர் டாக்டர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர்களில் முன்னோடி. ஓய்வுபெற்ற பிறகும் சும்மா இருக்காமல், ஸ்கிசோஃப்ரினியா பாதித்தவர்களுக்காக 1984-ல் `ஸ்கார்ஃப்' அமைப்பைத் தொடங்கியவர். 2021 டிசம்பரில், 98 வயதில் மறைந்தார். ``இனிமே யாராவது கீழ்ப்பாக்கம்னு கிண்டல் பண்ணா, இந்தம்மாவைப் பத்திச் சொல்லுக்கா'' என்றாள்.

மனநலப் படிப்பு என்றாலே மருந்து எழுதுவது, சோபாவில் படுக்கவைத்துப் பேச்சுக் கொடுப்பது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவள் படித்தது வேறு. ஒருவருக்கு என்ன நோய் என்பதை மருத்துவர் பார்ப்பார். அந்த நோயோடு அவர் எந்த வீட்டுக்குத் திரும்பிப் போகிறார், அங்கே சாப்பாடு போடுவது யார், திட்டுவது யார், மாத்திரை வாங்கப் பஸ் காசு இருக்கிறதா, வேலை கிடைக்குமா, தெருவில் மரியாதை இருக்கிறதா என்பதையெல்லாம் இவர்கள் பார்க்க வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் ஃபீல்டு வொர்க். நோயாளியின் வீட்டுக்கே போவார்கள். போய்வந்து பக்கம் பக்கமாக எழுதுவார்கள்.

``ஒரு அக்கா மூணு மாசமா மாத்திரை போடலை. `நோயாளி ஒத்துழைக்கவில்லை'ன்னு ஃபைல்ல எழுதியிருந்துச்சு. வீட்டுக்குப் போனா, மாத்திரை போட்டா காலையில எந்திரிக்க முடியலையாம். அஞ்சு மணிக்கு எந்திரிச்சு தண்ணி பிடிக்கலைன்னா மாமியார் திட்டுவாங்களாம். டாக்டர்கிட்ட சொல்லி ராத்திரி டோஸை முன்கூட்டியே எடுக்க வெச்சோம். அவ்ளோதான்க்கா பிரச்னை. ஒத்துழைக்கலைன்னு எழுதின பேனாவுக்குத் தண்ணி லாரி வர்ற நேரம் தெரியாது.''

செய்தி எழுதும் வேலையில் இருக்கும் எனக்கு, அந்தக் கடைசி வரி உறைத்தது.

வாரத்துக்கு 35 மணி நேரம்

அந்தச் சனிக்கிழமை இரவு மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்திருந்தோம். அம்மாவின் மேல் எனக்கு எரிச்சல். தங்கைக்கு இல்லை. அவள் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

``அக்கா, 1950-கள்ல லண்டன்ல ஜார்ஜ் பிரவுன்னு ஒரு சமூகவியலாளர் ஒரு விஷயத்தைக் கவனிச்சாரு. ஆஸ்பத்திரியில குணமாகி வெளிய போறவங்கள்ல, வாடகை ரூமுக்குப் போனவங்களைவிட, பெத்தவங்க வீட்டுக்கோ, கணவன், மனைவிகிட்டயோ திரும்பிப் போனவங்களுக்குத்தான் நோய் அதிகமா திரும்பி வந்துச்சு.''

``குடும்பத்தாலதான் நோய் வருதா?''

``இல்லை. அப்படிச் சொல்லவே கூடாது. நோய் வர்றதுக்குக் குடும்பம் காரணம் இல்லை. ஆனா, வந்த நோய் திரும்பத் திரும்ப வருதா, அடங்கி இருக்காங்கிறதுல வீட்டுல பேசுற பேச்சுக்குப் பங்கு இருக்கு.''

குத்திக்காட்டுவது, வெறுப்பு, அளவுக்கு மீறிப் பொத்திப் பொத்திப் பார்ப்பது. இந்த மூன்றும் அதிகமுள்ள வீடுகளில் நோய் திரும்பும் வாய்ப்பு கூடுகிறதாம். 1976-ல் வெளியான அடுத்தகட்ட ஆய்வில், அப்படிப்பட்ட உறவினரோடு வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் முகத்துக்கு முகம் இருப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம் என்று கண்டார்கள். ஆனால் பாசமான பேச்சும் பாராட்டும் பாதுகாப்பாக நிற்கின்றன என்பதும் அதே பாடத்தில் இருக்கிறது.

நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். ``தண்டச்சோறு'' என்று அப்பா காலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை சொல்வார். அம்மாச்சியோ, ஐம்பது வயதுப் பிள்ளைக்கு இன்னமும் சோறு பிசைந்து கொடுப்பார், கடைத்தெருவுக்குத் தனியாக விட மாட்டார். வேலைக்குப் போகாத, நண்பர்கள் இல்லாத மாமாவுக்கு வாரத்தில் 35 மணி நேரம் இல்லை, 168 மணி நேரமும் அந்த வீடுதான். இரண்டு, மூன்று வருடங்களுக்கு ஒருமுறை அவருக்கு ஏன் முடியாமல் போகிறது என்பதற்கு, `மாத்திரையை ஏமாத்துறான்' என்ற ஒரே பதில்தான் எங்களிடம் இருந்தது.

``அப்பாவைத் திட்டப்போறியா?'' என்றேன்.

``இல்லக்கா. அப்பா ஏன் அப்படிப் பேசுறாருன்னும் பார்க்கணும். ரெண்டு பொண்ணைப் படிக்கவெச்சு, மச்சானையும் பாத்துக்கிட்டு, இதுவரைக்கும் யாராவது அவர்கிட்ட `உங்களுக்குக் கஷ்டமா இருக்கா'ன்னு கேட்டிருக்கோமா?''

கேட்டதில்லை.

தோப்புக்குக் கொண்டுபோன கேசரி

அந்த இரவில் நான் அவளிடம் ஒன்றைச் சொன்னேன். அதுவரை யாரிடமும் பேசாத விஷயம்.

அதற்கு முந்தைய வருடம் என்னைப் பெண் பார்க்க ஒரு குடும்பம் வந்தது. தங்கை அப்போது ஹாஸ்டலில் இருந்தாள். அன்று காலையில் அப்பா மாமாவை வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய், ஊருக்கு வெளியே இருக்கும் சொந்தக்காரரின் தோப்பு வீட்டில் விட்டுவிட்டு வந்தார். ``தேங்கா பறிக்கிறாங்க, கூட இருந்து எண்ணிக்க'' என்று அவரிடம் சொன்னார்கள். அன்று அங்கே தேங்காய் பறிக்கவில்லை. எனக்கு அது தெரியும். புடவை மடிப்பைச் சரிசெய்தபடி நான் பேசாமல் நின்றேன்.

``வீட்டுல வேற யாரெல்லாம் இருக்கீங்க?'' என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார். ``நாங்க நாலு பேரு, எங்க அம்மா'' என்றார் அம்மா. ஒரு மனிதர் இல்லாமல் போக அவ்வளவு நேரம்தான் ஆனது.

சாயங்காலம் எனக்கு மனது கேட்கவில்லை. மீந்திருந்த கேசரியையும் பஜ்ஜியையும் டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியில் தோப்புக்குப் போனேன். மாமா கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கேசரியைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. அவருக்குக் காலையிலேயே புரிந்திருக்கும்.

``மாப்பிள்ளை நல்லா இருக்காரா, பெரிய பாப்பா?'' என்று மட்டும் கேட்டார்.

அந்தச் சம்பந்தம் அமையவில்லை. காரணம் ஜாதகம். நாங்கள் ஒளித்துவைத்த மனிதருக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

நான் சொல்லி முடித்ததும், தங்கை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, ``நாளைக்கு மாமா முன்னாடியே சார்ட்டை விரிக்கிறேன்'' என்றாள்.

``பாதிதானா?''

ஞாயிற்றுக்கிழமை காலை. கூடத்தில் சார்ட். மாமா காபி டம்ளருடன் வந்து நின்று பார்த்தார். பென்சில் கோடுகளை விரலால் தொடர்ந்து, ``இது எங்கப்பாவா... இது அக்காவா... இது மச்சானா...'' என்று ஒவ்வொருவராகக் கண்டுபிடித்தார். ஃபிட்டர் அல்லவா, டிராயிங் படிக்கத் தெரிந்தவர். பாதியில் நின்ற கோட்டுக்கு வந்ததும் விரல் நின்றது.

``இதுல நான் எங்க பாப்பா?''

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. தங்கை பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி வந்து, தம்பியின் முகத்தைப் பார்த்தார். பிறகு தங்கையிடம், ``போடு'' என்றார்.

தங்கை ஸ்கேல் வைத்துச் சதுரம் போட்டாள். இடது பாதியை மெதுவாக நிழலிட்டாள்.

``இது எதுக்கு?'' என்றார் மாமா.

``உங்களுக்கு உடம்பு முடியாம இருக்குல்ல மாமா, அதைக் காட்டுறதுக்கு.''

``பாதிதானா? முழுசா இருக்கும்னுல்ல நெனச்சேன்!''

முதலில் சிரித்தது அவர்தான். பிறகு நாங்கள் எல்லோரும். அம்மா மட்டும் சிரித்துக்கொண்டே அழுதார்.

நான் வைத்த ஒரு தலைப்பு

தங்கையின் படிப்பு வீட்டோடு நிற்கவில்லை, என் வேலைக்குள்ளும் வந்தது. முன்பு நான் வேலை பார்த்த ஓர் இணையதளத்தில், தேர்வு முடிவு வந்த நேரத்தில் ஒரு மாணவியின் மரணச் செய்தியைப் போட்டேன். எப்படி இறந்தார் என்பதைத் தலைப்பிலேயே வைத்தேன். மதிப்பெண்தான் காரணம் என்று முதல் வரியிலேயே தீர்ப்பும் எழுதினேன். செய்தி நன்றாக ஓடியது. அன்று இரவு அதன் ஸ்க்ரீன்ஷாட் தங்கையிடமிருந்து வாட்ஸ்அப்பில் வந்தது.

``இந்தத் தலைப்பை நீதான் வெச்சியாக்கா?''

`டெஸ்க்கில் எல்லோரும் அப்படித்தான் வைப்போம்' என்று டைப் செய்து, அனுப்பாமல் அழித்தேன்.

1774-ல் ஜெர்மன் எழுத்தாளர் கோதே எழுதிய நாவலில், காதல் தோல்வியடைந்த வெர்தர் என்ற இளைஞன் உயிரை மாய்த்துக்கொள்வான். அதைப் படித்த இளைஞர்கள் சிலர் அவனைப் பின்பற்றியதாகப் பேச்சு எழுந்து, சில ஊர்களில் நாவலையே தடைசெய்தார்கள். தற்கொலைச் செய்திகள் ஏற்கெனவே தத்தளிப்பவர்களைத் தூண்டிவிடுவதை இன்றும் `வெர்தர் விளைவு' என்றே அழைக்கிறார்கள். அதற்கு நேரெதிராக, நெருக்கடியிலிருந்து மீண்டு வந்தவர்களின் கதைகள் மற்றவர்களையும் மீட்கலாம். அதற்குப் பெயர் `பாப்பகேனோ விளைவு'. மொஸார்ட்டின் இசைநாடகத்தில், விபரீத முடிவின் விளிம்பில் நிற்கும்போது மற்றவர்கள் வேறு வழி காட்டியதால் பிழைத்த ஒரு பாத்திரத்தின் பெயர் அது. எந்த முறை என்று விவரிக்காதீர்கள், ஒற்றைக் காரணம் சொல்லாதீர்கள், பரபரப்பாகத் தலைப்பு வைக்காதீர்கள், உதவி எங்கே கிடைக்கும் என்று சொல்லுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதையொட்டி இந்திய பிரஸ் கவுன்சிலும் 2019-ல் வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. இதழியல் டிப்ளோமா வாங்கிய எனக்கு, இதை என் தங்கை சொல்ல வேண்டியிருந்தது.

தற்கொலை என்பது மனதுக்குள் மட்டும் நடக்கும் விஷயமில்லை என்பதற்கு அவள் சொன்ன இன்னோர் உதாரணம், இலங்கை. 1995 வாக்கில் உலகிலேயே தற்கொலை விகிதம் மிக அதிகமாக இருந்த நாடுகளில் ஒன்று அது. கொடிய நச்சுத்தன்மை கொண்ட பூச்சிக்கொல்லிகளை அரசு படிப்படியாகத் தடைசெய்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் தற்கொலை விகிதம் சுமார் 70 சதவிகிதம் குறைந்தது. நெருக்கடியான அந்தச் சில நிமிடங்களைத் தாண்டிவிட்டால், பெரும்பாலானோர் பிழைத்துக்கொள்கிறார்கள். அந்த நிமிடங்களைக் கடக்க ஒரு நாட்டின் வேளாண்துறை முடிவுகூட உதவ முடியும்.

அதேபோல, 1978-ல் வெளியான ஓர் ஆய்வு. அதே ஜார்ஜ் பிரவுன், டிரில் ஹாரிஸுடன் சேர்ந்து தெற்கு லண்டன் பெண்களிடம் நடத்தியது. வாழ்க்கையில் பெரிய அடி விழும்போது எந்தப் பெண்கள் மனச்சோர்வில் விழுகிறார்கள் என்று பார்த்தார்கள். மனம்விட்டுப் பேச நெருக்கமான துணை இல்லாதவர்கள், 14 வயதுக்குட்பட்ட மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகளை வீட்டில் வைத்திருப்பவர்கள், வேலைக்குப் போகாதவர்கள், 11 வயதுக்கு முன்பே தாயை இழந்தவர்கள். இவர்களுக்கு ஆபத்து அதிகம். இதை அம்மாவிடம் சொன்னபோது, ``இதைக் கண்டுபிடிக்க லண்டனுக்கா போகணும்? நம்ம தெருவுலயே பாக்கலாமே'' என்றார்.

`யாரை எழுதட்டும் மாமா?'

2015-16-ல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், வயதுவந்தோரில் 10.6 சதவிகிதம் பேருக்கு ஏதாவது ஒரு மனநலப் பிரச்னை இருப்பது தெரியவந்தது. கிட்டத்தட்ட பத்தில் ஒருவர். பெரும்பாலான பிரச்னைகளில், பாதிக்கப்பட்டவர்களில் 70 சதவிகிதத்துக்கும் மேலானோருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை. நம் நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. அப்படியென்றால், மீதி வேலையை யார் செய்வது? தங்கை மாதிரி படித்தவர்கள், பயிற்சிபெற்ற செவிலியர்கள், மாவட்ட மனநலத் திட்டத்தின் முகாம்கள். அப்புறம், வீட்டில் இருக்கும் நாம்.

அசைன்மென்ட் முடிந்து ஒரு மாதத்தில், தங்கை மாமாவை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போனாள். மருந்தை மாற்றினார்கள். 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் ஒரு பிரிவு. பாதிப்பு 40 சதவிகிதமோ, அதற்கு மேலோ இருந்தால் பல சலுகைகளுக்குத் தகுதி உண்டு. இத்தனை வருடமாக அது எங்களுக்குத் தெரியாது. மாமாவுக்கு இப்போது அடையாள அட்டை இருக்கிறது. அதில் அவருடைய போட்டோ. பல வருடங்களுக்குப் பிறகு எடுத்த போட்டோ.

2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2018 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. மனநோயாளியைச் சங்கிலியால் கட்டக் கூடாது என்பது அதில் இருக்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாகப் பார்க்காமல், கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்பதும் இருக்கிறது. தனக்கு முடியாமல் போகும் நேரத்தில் யார் தன் சார்பாக நிற்க வேண்டும் என்பதை, பாதிக்கப்பட்டவரே ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு நியமிக்கலாம் என்பதும் இருக்கிறது.

``யாரை எழுதட்டும் மாமா?'' என்று தாளும் பேனாவுமாக உட்கார்ந்தாள் தங்கை. அம்மாவைச் சொல்வார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

``பெரிய பாப்பாவை எழுது.''

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ``நான் எதுக்கு மாமா? நான் சென்னையில இருக்கேன்...''

``நீதானே அன்னிக்கு கேசரி கொண்டாந்த?''

அன்று காலையில் பேசாமல் நின்றவளை அவர் நினைவில் வைத்திருக்கவில்லை. சாயங்காலம் டப்பாவோடு வந்தவளை வைத்திருக்கிறார். அந்தத் தாளின் ஜெராக்ஸ் என் பையில் இருக்கிறது.

இப்போது எங்கள் வீட்டில்...

எல்லாம் சரியாகிவிட்டது என்று முடிக்க எனக்கும் ஆசைதான். ஆனால், அப்படியில்லை. மாமாவுக்குக் குரல்கள் முற்றிலும் நிற்கவில்லை. ``தூரத்து ரேடியோ மாதிரி கேக்குது'' என்கிறார். அப்பாவுக்கு இன்னமும் கோபம் வருகிறது. ஆனால், `தண்டச்சோறு' என்று வாயெடுத்து, பாதியில் நிறுத்திக்கொண்டு, வாசலுக்குப் போய்விடுகிறார். பல வருடப் பழக்கத்துக்கு அதுவே பெரிய விஷயம். மாமா தினமும் காலையில் தனியாக நடந்து கடைத்தெருவுக்குப் போய் பால் வாங்கி வருகிறார். முதல் வாரம் அம்மாச்சி தெருமுனை வரை பின்னாலேயே போனார். இப்போது வாசலோடு நின்றுவிடுகிறார். மதியம் ஒரு டூவீலர் மெக்கானிக் கடையில் உட்கார்ந்து சின்னச் சின்ன வேலைகள் செய்கிறார். படிப்பை முடித்த தங்கை, அடுத்து இதிலேயே மேற்பயிற்சிக்கு விண்ணப்பித்திருக்கிறாள்.

போன மாதம் இன்னொரு குடும்பம் என்னைப் பெண் பார்க்க வந்தது. முதல் நாளே அம்மாவிடம் சொல்லிவிட்டேன். ``மாமா வீட்டுலதான் இருப்பாரு. கேட்டா, என்ன இருக்கோ அதைச் சொல்லுவோம்.'' அம்மா ரொம்ப நேரம் அரிசியையே களைந்துகொண்டிருந்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

அன்று டீ போட்டது மாமா. தட்டில் டம்ளர்களை வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். ``இவர் என் தம்பி. மனநலத்துக்கு மாத்திரை சாப்பிடுறாரு, நல்லா இருக்காரு'' என்றார் அம்மா, ஒரே மூச்சில். மாப்பிள்ளையின் அப்பா தலையாட்டிவிட்டு டீயைக் குடித்தார். `இது பரம்பரையாக வருமா' என்று அவர்கள் போனில் பிறகு கேட்டார்கள். ஸ்கிசோஃப்ரினியா பொதுவாகவே சுமார் நூறில் ஒருவருக்கு வரக்கூடியது. தாய்மாமாவுக்கு இருந்தால் வாய்ப்பு கொஞ்சம் கூடும், ஆனால் பெரும்பாலானவர்களுக்கு வருவதில்லை என்று தங்கையே பேசினாள். பதில் இன்னும் வரவில்லை. எந்தப் பதில் வந்தாலும், தோப்புக்கு யாரையும் அனுப்புவதாக இல்லை.

இதை எழுதலாமா என்று மாமாவிடம் கேட்டேன். முழுக்கப் படித்துக்காட்டச் சொன்னார். படித்தேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, ``என் பேரைப் போட்டுடாத. ஊர் பேரும் சரியா போடாத'' என்றார். சரி என்றேன்.

``ஆனா, அந்த டீயில இஞ்சி தட்டிப் போட்டேன்ல... அதை விட்டுட்ட பாரு. அதைச் சேத்துக்க.''

சேர்த்துவிட்டேன் மாமா.

*(மனநெருக்கடியில் இருப்பவர்களும், அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களும் மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணிலும், தமிழக அரசின் 104 என்ற உதவி எண்ணிலும் அழைத்துப் பேசலாம். தமிழிலேயே பேசலாம்.)*